காபி கொடுத்த கை

எங்கள் ஊரில் யாரும் கடைக்குப் போய் ஸ்மார்ட்வாட்ச் வாங்குவதில்லை. வாட்ச்தான் வீடு தேடி வந்து கை பார்க்கும். பிடித்திருந்தால் கட்டிக்கொள்ளும்.

என் கைகளில் இடது மூத்தது, வலது இளையது. நான் பிறந்தபோது இடதுதான் முதலில் வெளியே வந்ததாம். மூத்தது இருக்க இளையதுக்குச் செய்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. இடதுக்கு ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. மணிக்கட்டு ஒல்லி என்று ஒன்று, வியர்க்கிறது என்று இன்னொன்று. அதிலிருந்து பாத்திரம் கழுவும்போதுகூட அது சோர்ந்து தொங்கும். இதுவாவது அமைய வேண்டுமே என்று சாமிக்குக் காசு முடிந்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தரகர் பாப்புராஜ் தாம்பாளத்தில் வாட்சைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். கறுப்பு வார், சதுர முகம். குறை சொல்ல முடியாது.

“மாப்பிள்ளைக்கு என்ன தெரியும்?” என்றார் என் வீட்டுக்காரர்.

“நாடி பாப்பாரு. நடந்தா எண்ணுவாரு. உக்காந்தே கிடந்தா எந்திரின்னு சொல்லுவாரு. விடிஞ்சதும் நல்லாத் தூங்குனீங்களான்னு விசாரிப்பாரு. இந்தக் காலத்துல யாரு விசாரிக்கா?”

“இதெல்லாம் போனே செய்யுமே.”

“அண்ணாச்சி, போனை நீங்க பிடிச்சிக்கிட்டு அலையணும். இவரு உங்க கையைப் பிடிச்சிக்கிடுவாரு.”

என் வீட்டுக்காரர் கையிலிருந்த போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இடது கை மருதாணி வைத்து, கண்ணாடி வளையல் அடுக்கி, என் மடியில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. தப்பு நடந்தது காபியில்தான். வந்தவர்களுக்கு இடது கையால் கொடுக்க முடியுமா? வலதுதான் டம்ளரை நீட்டியது. வாட்சின் முகத்தில் பளிச்சென்று வெளிச்சம் வந்தது.

“மாப்பிள்ளைக்குப் பிடிச்சிருக்கு,” என்றார் பாப்புராஜ். “காபி கொடுத்த பிள்ளையை.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலது கையா! எந்த வீட்டிலாவது உண்டா? சாப்பிடும்போது சாம்பார் படாதா? நாலு பேர் என்ன பேசுவார்கள்?

“மூத்தது குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கு. கண்ணு தெரியலையா உங்க மாப்பிள்ளைக்கு?” என்று கத்தியே விட்டேன். வாட்ச் பதற்றமில்லாமல் என் படபடப்பை எண்ணிக் காட்டியது.

வலது அதற்குள் சம்மதித்துவிட்டது, கல்நெஞ்சுக்காரி. அடுத்த முகூர்த்தத்தில் கட்டி வைத்தோம். மாப்பிள்ளை எங்களோடு இருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கட்டிய கையோடு கிளம்பிவிட்டார்!

“பொண்ணு புருசன் வீட்டுக்குத்தானே மதினி போகும்?” என்றார் தரகர்.

வலது கை அவரோடு கோவில்பட்டி பஸ் ஏறிப் போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து இடது எதையும் பிடிக்கவில்லை. ஸ்பூனைக் கொடுத்தால் நழுவவிட்டது. என் வீட்டுக்காரர்தான் எனக்குச் சோறு ஊட்டினார். அழுதால் கண்ணைத் துடைக்கவும் அது எழுந்து வராது. உன் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனே என்று அதனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

ஏழாம் மாதம் வலது தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தது. கூடவே வந்த வாட்ச், இரண்டு நாடி ஓடுகிறது என்று காட்டியது. வளைகாப்பு நடந்தது. இடது அப்போதும் மடியைவிட்டு அசையவில்லை.

பத்தாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குழந்தை பிறந்தது. இடது கை. அச்சு அசல் பெரியம்மா.

மாப்பிள்ளையின் முகம் இருண்டுவிட்டது. வலதுதான் பிறக்கும் என்று எதிர்பார்த்தாராம். பெற்ற பிள்ளையிடமா இப்படி!

“இடதுன்னா அவ்வளவு இளப்பமா உங்களுக்கு?” என்றேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் இடது எழுந்துபோய், குழந்தையின் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. வாட்ச் வந்து கேட்டது. வலது வந்து கேட்டது. விட மாட்டேன் என்றுவிட்டது. கடைசியில் வலது, அக்காவே வளர்க்கட்டும் என்று விட்டுக்கொடுத்துவிட்டு மத்தியான பஸ்ஸில் புருஷனோடு புறப்பட்டுப் போனது.

இப்போது எனக்கு இரண்டும் இடது.