வெல்டர் இல்லைங்க, பாஸ்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. வெளியே பனி இறங்குகிறது. போர்வையைக் காலுக்கும் இழுத்துக்கொள்ளுங்கள். மரியாதையாய்ச் சொன்ன ஒரே ஒரு சொல் ஒரு வீட்டுக்கு என்ன செய்தது என்று சொல்கிறேன்.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை பெக்டரியில் விஜிதரன் இரும்பு ஒட்டுகிறவர். நம் பக்கத்தில் மேசன், தச்சன், வெல்டர் என்று கைவேலை தேர்ந்த யாரையும் ‘பாஸ்’ என்றுதானே கூப்பிடுவோம்? அவரும் பாஸ்தான். பெண்சாதி நிலக்ஷிகூடக் கோபம் வந்தால், "பாஸுக்குச் சோறு போடவா, இல்ல இரும்ப வறுத்துத் தரவா?" என்பாள்.

போன மழைக்கு அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்தது. சுவர் வெடித்து, வெடிப்பு வழியே பக்கத்து வீட்டு விளக்கு தெரிந்தது. மாற்று வீடு தருவதாக வந்து பார்த்துப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து விஜிதரனுக்கு ஒரே நினைப்பு: வெல்டராக ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்து, அங்கேயே நிரந்தரமாய்க் குடியிருக்கப் பீ.ஆர். எடுத்து, நிலக்ஷியையும் மகள் கிருஷாந்தியையும் அந்தச் சுவரடியிலிருந்து கொண்டுபோய்விட வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்குள் முடித்தாக வேண்டும். சித்திரையில் அவருக்கு நாற்பத்தைந்து. இங்கிலீஷ் பரீட்சையைத் தட்டுத் தடுமாறித் தாண்டினார். கொழும்பில் அவர் ஒட்டிக் காட்டிய குழாயை வளைத்துப் பார்த்தார்கள், ஒட்டு விடவில்லை. இனி அவர் வேலை செய்யும் இடத்துக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து போன் போட்டு விசாரிப்பது மட்டும்தான் பாக்கி.

மாசியில் அந்தப் போன் வந்தது. எடுத்தவர் ஃபிட்டர் கணேசமூர்த்தி, விஜிதரனோடு ஒரே பெக்டரியில் தலை நரைத்தவர். அன்று சாயந்தரம் அவருக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

"அந்தப் பொண்ணு ‘வெல்டரா’ன்னு கேட்டுச்சு, தம்பி. எனக்கு ரோசம் வந்துருச்சு. நேத்து வந்து ரெண்டு கம்பிய ஒட்டுறவனும் வெல்டர்தானே? ‘நோ வெல்டர், மேடம். ஹீ இஸ் பாஸ். எவ்ரிபடி கால் பாஸ்’னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

விஜிதரனுக்கும் நெஞ்சு நிறைந்தது. பேக்கரியில் வீட்டுக்குப் பணிஸ் வாங்கிக்கொண்டு போனார். அதில் தவறு இருக்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை; எப்படித் தோன்றும்?

பங்குனியில் பதில் வந்தது. கிருஷாந்தி போனில் வாசித்தாள். திரும்ப ஒருமுறை வாசித்தாள். இவர் வெல்டர் அல்ல, ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர் என்று வேலையிடத்திலிருந்தே சொல்லியிருக்கிறார்களாம். ஆகவே தகுதி இல்லையாம்.

"பாஸ்னா அவங்களுக்கு மொதலாளிப்பா," என்றாள் மெதுவாக.

மறுபடி விசாரிக்கச் சொல்லலாமாம், அதற்கே மாதக்கணக்காகும். சித்திரைக்கு எத்தனை நாள் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. நிலக்ஷி சுவர் வெடிப்பில் செருகியிருந்த சாக்கை இன்னும் உள்ளே அழுத்தினாள்.

மறுநாள் பெக்டரி வாசலிலேயே கணேசமூர்த்தி நின்றார்.

"பதில் வந்துச்சா தம்பி? நான் சொன்னது எடுபட்டுச்சா?"

விஜிதரன் அந்த நரைத்த முகத்தைப் பார்த்தார்.

"எடுபட்டுச்சுண்ணே."

உள்ளே தேயிலை உருட்டும் ரோலரின் இரும்புக் கால் ஒன்று ஒட்டு விட்டுப்போயிருந்தது. பாஸை வரச்சொல்லுங்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். அவர் முகமூடியை இறக்கிக்கொண்டு போனார். தகரத்தில் மழை விழத் தொடங்கியது.

உங்கள் வீட்டுச் சுவர் நனையாமல் நிற்கட்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டாரை எந்தப் பேர் சொல்லி அழைக்கிறீர்களோ, போகிற ஊரிலும் அந்தப் பேர் அதே பொருளில் விளங்கட்டும்.