கந்தவேலின் உள்ளங்கை

அன்று கந்தவேல் வீட்டில் இருந்தவர்கள் இன்னார்: தறிக்குழியின் விளிம்பில், கால்களை உள்ளே தொங்கவிட்டபடி கந்தவேல். அவனுக்கு எதிரே நூல் மூட்டையின் மேல், குஸ்திக் கோதா நடத்தும் வஸ்தாது காளியண்ணன். சுவரில் சாய்ந்தபடி, பஜனை கோஷ்டியில் பாடும் பாலசுந்தரம். தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கந்தவேலின் மனைவி ராசாத்தி. தூளிக்குள் அவர்களுடைய பெண்குழந்தை. வாசலுக்கு உட்புறம் வெளிச்சம் விழுகிற இடத்தில், காகிதமும் மைக்கூடுமாக நான். ராசிபுரத்தில் எங்கள் தெருவுக்கு வரும் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதுகிறவன் நான்தான்.

திருச்செங்கோட்டுக் கோதாவிலிருந்து கடிதம் வந்திருந்தது. தைப்பூசத்துக் குஸ்திக்குக் கந்தவேல் வருகிறானா, மறுதபாலில் தெரிவிக்கவும். வருவான் என்று எழுதச் சொன்னார் காளியண்ணன். வரமாட்டான் என்று எழுதச் சொன்னார் பாலசுந்தரம். "இவ்விடம் யாவரும் க்ஷேமம்" என்பது வரை எழுதிவிட்டு நான் காத்திருந்தேன்.

கந்தவேலின் அப்பா தறியில் இருமி இருமியே போய்ச் சேர்ந்தவர். மகனுக்கும் அதே நெஞ்சு. கோதாவுக்குப் போய்த் தண்டாலும் பஸ்கியும் எடுத்த பிறகுதான் அவன் இருமல் நின்றது, தோளும் வந்தது. பஜனையில் அவன் வாசிக்கும் மிருதங்கம் அதற்கு முன்பிருந்தே அவனோடு இருப்பது. கரலாக்கட்டை சுற்றிச் சுற்றி உள்ளங்கை காய்த்தபோது அவன் வருந்தவில்லை. கை கெட்டிப்பட்டால் மிருதங்கத்தின் இடது பக்கம் இன்னும் கும்மென்று பேசும் என்று அவனாகவே நினைத்துக்கொண்டு, கோதாவின் செம்மண்ணைத் தேய்த்து மேலும் இறுக்கிக்கொண்டான். போன சனிக்கிழமை பஜனையில் இடது பக்கம் பேசவே இல்லை. பலகையைத் தட்டியது போலிருந்தது.

அதைத்தான் பாலசுந்தரம் மறுபடி எடுத்தார். "மிருதங்கம் வாசிக்கறயா, வரட்டி தட்டறயான்னு சனங்க கேக்கறாங்கப்பா."

"அந்த வரட்டி தட்டற கைதாஞ் சாமி இவனை உசுரோட வெச்சிருக்குது" என்றார் காளியண்ணன்.

கந்தவேல் மனைவியைப் பார்த்தான். அவள் தூளியைப் பார்த்தாள். அவன் ஒருமுறை செருமினால்கூடத் தறிச் சத்தத்துக்கு நடுவில் அவள் தலை திரும்பும். தெருவுக்கே தெரிந்த விஷயம்.

குழந்தை விழித்து அழுதது. கந்தவேல் எழுந்துபோய் அதை எடுத்து மடியில் குப்புறப் போட்டுக்கொண்டான். அந்த வீட்டில் தாலாட்டு கிடையாது. குழந்தையின் முதுகில் அவன் மெல்லத் தாளம் தட்டுவான், அது தூங்கிவிடும். அன்று தட்டத் தட்ட அழுகை கூடியது. குனிந்து பார்த்தான். இளம்முதுகில் சொரசொரப்புப் பட்ட இடமெல்லாம் சிவந்திருந்தது. கையைத் திருப்பிப் புறங்கையால் தடவினான். அழுகை தணிந்து விசும்பலாயிற்று. அவன் நிமிரவே இல்லை.

ராசாத்தி அப்போதுதான் வாய் திறந்தாள். "கட்டையும் குஸ்தியும் போதுமுங்க. பஸ்கி எடுங்க, காத்தால மலையடி வரைக்கும் ஓடிட்டு வாங்க. கையை மட்டும் எங்களுக்கு உட்டுருங்க."

காளியண்ணன் தன் உள்ளங்கையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓடுனா மட்டும் நெஞ்சு தாங்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன் ஆத்தா."

"தெரியுமுங்க" என்றாள். தூளிக் கயிற்றை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"வரலீன்னு எழுதீருங்க" என்றான் கந்தவேல் என்னிடம்.

எழுதினேன். காளியண்ணன் குறுக்கிட்டு, உடம்பு திடமாக இருக்கிறது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பயந்துவிட்டான் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாதாம். அதையும் சேர்த்தேன். உறையை ஒட்டப் பசை இல்லை. பாவு நூலுக்குப் போடும் கஞ்சியைச் சட்டியிலிருந்து விரலில் தொட்டு ராசாத்தியே தடவி மூடினாள்.

தபால் பை போகும் கரி பஸ் கடைவீதியில் புகைந்துகொண்டிருந்தது. யுத்தம் வந்து பெட்ரோல் போய், கரியை எரித்து ஓடத் தொடங்கியதிலிருந்து அது கிளம்பத் தாமதமாகும், ஆனாலும் கிளம்பிவிடும். கந்தவேல் குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, ஈரம் காயாத உறையை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டு ஓடினான்.

"மூச்சை மூக்குல உடுறா" என்று வாசலில் நின்று கத்தினார் காளியண்ணன்.

கால்கள் புழுதியைக் கிளப்பின. கைகள் மட்டும் அசையாமல், தளும்பும் எதையோ கொண்டுபோவது போல, முன்னால் நீண்டிருந்தன. அவன் கடைவீதியில் திரும்பி மறைந்த பிறகும் ராசாத்தி உள்ளே வரவில்லை. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மூச்சை அடக்கி, தெருவுக்குக் காது கொடுத்து நின்றாள்.