வலப்பக்கத்து வலை

நான் பட்டறைக்குப் போவது என் அப்பா இராயப்பனுக்கு அறவே பிடிக்காது. அனுமந்தையில் மீன்பிடிக்கிறவர் அவர். பெரிய முதலியார்சாவடியில் ஒரு வெள்ளைக்காரம்மா நடத்தும் பட்டறை அது. செம்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் படம் கீறி, அமிலத்தில் ஊறவைத்து, மை தடவிக் காகிதத்தில் எடுக்க வேண்டும். "திருநாளுக்குள்ள வீட்ல மாட்ற மாதிரி ஒரு படம் கொண்டா. இல்லன்னா மரக்காணம் உப்பளத்துல கூடை தூக்கு" என்று 1974இல் கெடு வைத்துவிட்டார். நான் விடுவேனா?

உள்ளங்கை அகலத் தகடு. உயிர்த்த ஆண்டவர் கரையில் நிற்கிறார். பின்னால் மலைக்குப் பதில் உப்புக் குவியல்கள். நம்மை உலகத்துக்கு உப்பு என்றாரே, அதற்காக. கடலில் படகு, அதன் பின்முனையில் துடுப்போடு புனித இராயப்பர். இரவெல்லாம் வலை போட்டும் மீனே கிடைக்காத சீடர்களுக்கு ஆண்டவர் சொன்னபடியே படகுக்கு வலப்பக்கம் வலை. அச்சில் எல்லாம் இடம் வலமாகத் திரும்பிவிடும் என்று படத்தின் அடியில் போட்ட எழுத்தைக்கூட மாற்றிக் கீறினேன். நான் கெட்டிக்காரி இல்லையா!

அப்பா படத்தைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏம்மா மரியசெல்வி, வலை இடப்பக்கம் கெடக்குதே! இந்தப் பக்கம் ராவெல்லாம் போட்டுத்தானே ஒண்ணும் கெடைக்கல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுத்தைத் திருப்பியவள் படகை மறந்துவிட்டேன். பாழாய்ப்போன புத்தி! அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ஒரு மாசம் கீறினேம்பா! வலைய எப்படி மாத்தறது? ஒவ்வொரு கண்ணா போட்டேன்!"

"அப்ப படகத் திருப்பி ஓட்டச் சொல்லு உன் இராயப்பர" என்று மறுபடி சிரித்தார்.

சட்டென்று நிமிர்ந்தேன். படகின் இரண்டு முனையும் ஒரே கூர்தான். துடுப்பு பிடிக்கிறவர் இருக்கும் பக்கம்தான் பின்பக்கம். அவரை அடுத்த முனைக்கு மாற்றினால் படகு திரும்பிவிடும், வலை தானாக வலப்பக்கம் ஆகிவிடும்!

மறுநாளே பழைய இராயப்பரைச் சுரண்டித் தேய்த்து அழித்தேன். எதிர்முனையில் புதியவரைக் கீறினேன். தலையில் துண்டு, மடங்கிய இடது காது. அதையும் இந்த முறை மறக்காமல் திருப்பியே கீறினேன்.

திருநாளுக்கு முந்தின நாள் அப்பா படத்தை வாங்கி, படகில் நிற்பதுபோல் நின்று, வலக்கையை நீட்டிப் பார்த்தார். "சரியாத்தான் இருக்குது" என்றார். பிறகு துடுப்புக்காரரை உற்றுப் பார்த்தார். கை தானாக இடது காதுக்குப் போனது.

"அடிப்பாவி!" என்றவர் படத்தோடு தெருவில் இறங்கினார். நான் வாசலுக்கு ஓடினேன்.

நாலாவது வீட்டிலிருந்து அவர் குரல் கேட்டது: "ஆண்டவர் பேச்சக் கேட்டு வலை போடறது யாரு பாரு, நான்தான்! எம் பொண்ணு போட்ட படம். நாளன்னிக்கு மறுபடி பட்டறைக்குப் போறா!"