அஜந்தன் வீட்டுக் கடலில் பாசி

கடல் தண்ணீரில் புல் முளைத்து நீங்கள் பார்த்ததுண்டா? உருத்திரபுரத்தில் அஜந்தன் வீட்டு விறாந்தைக்குப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, முல்லைத்தீவுக் கடலில் கலன்களில் அள்ளி வந்த தண்ணீர், இரண்டு செம்மஞ்சள் மீன்கள், கல்லெல்லாம் தலைமயிர் மாதிரி நீண்ட பச்சைப் பாசி.

தொட்டி அவன் மனைவி தாட்சாயினியுடையது. விஞ்ஞான ரீச்சர். நடுக்கல்லில் இருந்த ஒரேயொரு பவளம் கொழும்பில் தொட்டியிலேயே வளர்ந்தது; அதை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவள். பாசி மூடத் தொடங்கியதிலிருந்து பத்து நாளாக அது விரியவில்லை. அது செத்தால் தொட்டியையே இறைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னதைச் செய்கிற ஆள்.

பழைய பல் பிரஷ்ஷால் கற்களைத் தேய்த்தாள். விளக்கு நேரத்தைப் பாதியாக்கினாள். மீன்கள் மெலியுமளவுக்குத் தீனியைக் குறைத்தாள். பாசி அசையவில்லை. அஜந்தனோ கதிரையில் சாய்ந்திருந்து, மீனுக்குக் கலியாணச் சாப்பாடு போட்டால் இப்படித்தான் வரும் என்று தினமும் விளக்கம் கொடுத்தான். வற்றிக் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவது மட்டும் அவன் பொறுப்பு. வயலால் வந்ததும் முதல் வேலை அதுதான். ஒருநாளும் தவறவிட்டதில்லை.

சனிக்கிழமை மத்தியானமும் வாளியில் தண்ணீர் பிடித்தான். அடியில் வெள்ளை மணிகள் சில கரைந்துகொண்டிருந்தன. அன்று காலைதான் அந்த வாளியில் எடுத்து நெல்லுக்கு யூரியா வீசியிருந்தான். இரண்டு கிழமையாக ஐந்து ஏக்கருக்கும் துண்டு துண்டாக அதே வாளிதான்.

பேசாமல் வாளியை மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு கணம் யோசித்தான். தண்ணீரில் ஏதாவது கலந்திருந்தால் பாதித் தண்ணீரையாவது மாற்றாமல் பவளம் தப்பாது என்று அவள் முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. வாளியை, அவள் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் கொண்டுபோய் வைத்தான்.

“தாட்சா, உம்மட தீனியில பிழையில்லை. நான்தான் யூரியா வாளியால தண்ணி ஊத்தினனான்.”

அவள் வாளியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“அப்ப கடலுக்கும் பசளை போட்டிருக்கிறியள். எங்கட வயல் கூட இப்பிடி விளையேல்லையே.”

“வயலில களை இருக்கு.”

“இதில களை மட்டும்தான் இருக்கு. கலனை எடுங்கோ.”

பக்கத்து வீட்டுச் சிவராசாவின் ஓட்டோவை இரவல் வாங்கிக்கொண்டு இருவரும் முல்லைத்தீவுக்குப் போனார்கள். பரந்தன் வரை திட்டினாள். புதுக்குடியிருப்பில் வடை வாங்கி, பெரியதை அவனுக்குக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து பாதித் தண்ணீரை மாற்றினார்கள். பாசியை மேலால் தேய்ப்பது சரிவராது என்று அஜந்தன் கல்லைக் கையில் எடுத்து, வயலில் களை பிடுங்குகிற மாதிரியே அடியோடு பிடுங்கினான். அந்த வேலையில் அவனை அவள் குறைசொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்குப் பவளம் பாதி விரிந்திருந்தது.