சாம்பிளுக்குக் கொடுத்த மிஷின்

எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். வாட்ச் ரிப்பேர் செய்கிறவளுக்கு அது ஆகவே ஆகாத குணம். கொஞ்சம் வேகமாக மூச்சு விட்டால்கூட மேஜையில் இருக்கும் பாதி வாட்ச் பறந்துவிடும்.

என் மாமியார் பதினோரு வருடமாக என் கடைப்படியை மிதித்ததில்லை. என் தொழிலுக்கு அவர் வைத்த பெயர் 'பொழுதுபோக்கு'. மூத்த மகனுடைய ஆபீசில் ஒரு குமாஸ்தா நாற்காலி காலியாக இருந்தது. அதில் என்னை உட்கார வைத்தே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றார். அந்தச் சமயம் பார்த்து அவருடைய பழைய வாட்ச் மக்கர் பண்ணியது. சாவி கொடுக்கப் போனால் குமிழ் கையோடு கழன்று வந்தது. வாட்சைக் கொண்டுவந்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இது ஓடிச்சுன்னா உன் கடை உனக்கு. ஓடலைன்னா திங்கக்கிழமை பெரியவன் ஆபீசுக்குக் கிளம்பு."

நானும் வீறாப்பாகச் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

திறந்து பார்த்தால் குமிழைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தகடு இரண்டாக உடைந்திருந்தது. எறும்பின் கால் அளவுதான் இருக்கும். ஆனால் அது இல்லாமல் சாவி கொடுக்க முடியாது. வாட்சுக்குள் இருந்த அந்த மிஷினைச் செய்த கம்பெனி நான் பிறப்பதற்கு முன்பே மூடிவிட்டது. சரி, உடைந்த துண்டைச் சாம்பிளாக எடுத்துக்கொண்டு போகலாம் என்று இடுக்கியால் தூக்கினேன். டிக் என்று ஒரு சத்தம். துண்டைக் காணோம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். என் கணவர் டார்ச்சும் காந்தமுமாக மண்டியிட்டுத் தவழ்ந்து, போன வருடம் தொலைந்த ஒரு ஊசியையும் என் தோட்டின் திருகாணியையும் கண்டுபிடித்துக் கொடுத்தார். மனிதர் முகத்தில் அத்தனை பெருமிதம்.

பழைய பாகம் வேண்டுமென்றால் எங்கள் ஊரில் டப்பா அண்ணனிடம்தான் போக வேண்டும். அவருடைய அறையில் நானூறு பிஸ்கட் டப்பாக்கள். அவற்றில் மிஷின் நம்பர் எதுவும் எழுதியிருக்காது. யாரிடமிருந்து வாங்கினாரோ அவர்கள் பெயர்தான் இருக்கும். 'சிரிக்காத தம்பதி', 'தும்முகிற வாத்தியார்', 'நாய் வளர்க்கிறவர்', இப்படி. அவரிடம் இரண்டு சட்டங்கள் உண்டு. சாம்பிள் காட்டாமல் பாகம் கிடைக்காது. சாம்பிளில் பெயர்ச்சீட்டு கட்டியிருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் அவர் மேஜையில் எது கிடந்தாலும் அது விற்பனைக்கு. ஊரிலுள்ள எல்லா ரிப்பேர்காரர்களுக்கும் இது தெரியும். எனக்கும் நன்றாகவே தெரியும்.

துண்டு தொலைந்ததால் செவ்வாய்க்கிழமை முழு மிஷினையே சாம்பிளாக எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். நம்பர் வாரியாக அடுக்கினால் என்ன அண்ணே என்று நான் கேட்கப்போக, வாய்ச்சண்டை முற்றிவிட்டது. அந்தக் கோபத்தில் அத்தையின் மிஷினை டக்கென்று மேஜையில் வைத்துவிட்டு, சீட்டுக் கட்டாமல் வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை போனபோது அண்ணன் வாயெல்லாம் பல்லாக இருந்தார். மூன்று வருடமாக யாருமே கேட்காத ஒரு மிஷின் நேற்று விலைபோய்விட்டதாம். அடுத்த தெரு சோடாபுட்டி அதே மிஷினைக் கேட்டு வந்தாராம். தேடவே வேண்டியிருக்கவில்லை, மேஜையிலேயே ஒன்று கிடந்தது என்றார்.

அது அத்தையின் மிஷின்! அடுத்த தெருவுக்கு ஓடினேன்.

தடித்த கண்ணாடி போட்ட அந்த ரிப்பேர்காரர் என்னை உட்காரவைத்து நிதானமாக விளக்கினார். அவரிடம் வந்த வாட்சில் தகடு நன்றாக இருந்தது. யாரோ கீழே போட்டதில் ஊசலாடும் சக்கரம்தான் முறிந்திருந்தது. நான் தொலைத்த மிஷினில் சக்கரம் நன்றாக இருந்தது. இரண்டு பிணத்தைச் சேர்த்து ஒரு உயிர் கொடுத்துவிட்டேன் என்று வாட்சை என் காதருகே வைத்துக் காட்டினார். அத்தையின் சக்கரம் அழகாக ஓடிக்கொண்டிருந்தது, வேறொருத்தியின் வாட்சுக்குள். கொடுங்கள் என்று கெஞ்சினேன். பதினோரு மணிக்கு அந்த வாட்சின் சொந்தக்கார அம்மா வருவார், அவரிடமே கேட்டுக்கொள் என்றுவிட்டார்.

வேறு வழியில்லை. அத்தைக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளியே பிடித்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எந்தத் தெரு?"

இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். அந்த அம்மா நெடுநெடுவென்று உயரம். அத்தை அவருடைய தோளுக்குத்தான் வருவார். சக்கரம் எங்களுடையது என்றார் அத்தை. தகடு என்னுடையது என்றார் நெட்டை அம்மா. பிரித்தால் இரண்டும் செத்துவிடும் என்றார் சோடாபுட்டி. ஆளுக்கு ஒரு வாரம் கட்டிக்கொண்டால் என்ன என்று வேறு கேட்டுவைத்தார். இருவரும் முறைத்த முறைப்பில் மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

நெட்டை அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சொந்த மாமியார் வாட்சையே தொலைச்சிட்டு வந்து நிக்குது. இதெல்லாம் ஒரு தொழிலா? பொழுதுபோக்கா?"

பதினோரு வருடமாக நான் வீட்டில் கேட்ட அதே வார்த்தை. தலையைக் குனிந்துகொண்டேன். திங்கட்கிழமை உட்காரப்போகும் குமாஸ்தா நாற்காலி கண்ணுக்குத் தெரிந்தது.

"எங்க வீட்டுப் பொண்ணைச் சொல்ல நீங்க யாரு?" என்றார் அத்தை.

மேஜையில் இருந்த வாட்சை அந்த அம்மா பக்கம் தள்ளினார்.

"அந்த மிஷினை நீங்களே வச்சுக்குங்க. எங்களுக்கு வேணாம். இவ நினைச்சா ஒரே வாரத்துல வேற கண்டுபிடிப்பா. உங்க சோடாபுட்டிக்கு ரெண்டு மிஷின் தேவைப்பட்டுது. இவளுக்கு ஒண்ணு போதும்."

ஒரு வாரமா? உலகத்தில் அந்த மிஷின் இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஆனாலும் அவர் என்னை விட்டுக்கொடுக்காமல் பேசியதில் நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

அத்தை என் முழங்கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தார். நடந்துகொண்டே மூத்த மகனுக்குப் போன் போட்டார். அந்த வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவர் ஏன் என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது.

"அவளுக்கு எங்கடா நேரம்? கடையில தலைக்கு மேல வேலை கிடக்குது."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வாய விட்டுட்டேன். இப்ப என் மானத்தைக் காப்பாத்து."