சிவப்புப் பட்டையோடு வந்த சம்மதம்

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. பினாங்கின் பாயான் பாரு அடுக்குமாடியில் சுவர் மெல்லியது, காது என்னுடையது. பக்கத்து வீட்டு ஏரம்பமூர்த்தி தன் மகள் சிந்துஜாவிடம், "மாப்பிள்ளையோட மெயிலை யாரோ மாத்திட்டாங்கம்மா" என்றதும் அடுப்பை அணைத்துவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பினாங்குக் கடலின் மேல் மேகங்கள் கூடி' (வேண்டாம். மேகத்துக்கு இந்த வீட்டில் என்ன வேலை?)

2

கல்யாணத்துக்குப் பிறகு தொழிற்சாலை வேலையை விடச் சொன்னால் கல்யாணமே வேண்டாம் என்பது சிந்துஜாவின் கட்சி. கோலாலம்பூர் மாப்பிள்ளை குகதாசன் அதற்கு எழுதிய பதிலில் ஒரு வரிதான் முக்கியம்: 'நானே பினாங்குக்கு மாற்றலாகி வருகிறேன்.' அந்தக் குடும்பத்தில் சம்பந்தப் பேச்சை எல்லாரும் படித்தாக வேண்டும். ஆகவே பதில், எல்லாருக்கும் பிரித்து அனுப்பும் குடும்பக் குழு முகவரிக்கு வந்தது.

அப்பாவின் மடிக்கணினியில் சிவப்புப் பட்டை: 'கையொப்பம் செல்லாது, செய்தி மாற்றப்பட்டிருக்கலாம்.' சிந்துஜாவின் கைப்பேசியில் பட்டையே இல்லை. திறக்க முடியாத ஒரு கோப்பு மட்டும். சித்தி செல்வநாயகி அந்தக் கோப்பைப் பார்த்ததும் வைரஸ் என்று கடிதத்தையே அழித்துவிட்டாள்.

(இடைக்குறிப்பு: மின் கையொப்பம், அனுப்பும் கணினி கடிதத்தின் மேல் வைக்கும் முத்திரை. ஓர் எழுத்து கூடினாலும் உடைந்துவிடும். சில மெயில் செயலிகள் அதைச் சோதித்துச் சொல்லும். சில, என்னவென்றே தெரியாமல் ஒரு கோப்பாக நீட்டும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டதில் எனக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.)

3

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். அப்பா, கல்யாணத் தரகர் பக்கிரிசாமியைச் சந்தேகித்தார். நானும் அவருக்கு மீசை வைத்து ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். கடிதத்தில் எழுத்தைக் கூட்டியவர் ஏரம்பமூர்த்தியேதான். குழுவுக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் 'குடும்ப ஒற்றுமை ஓங்குக' என்று தானாக ஒட்டும்படி அமைத்து வைத்திருக்கிறார். சிந்துஜா அதைக் கண்டுபிடித்துச் சொன்னாள்.

"நல்ல வார்த்தைதானேம்மா, அதுக்கு ஏன் சிவக்குது?" என்றார்.

சரி, முடிந்தது என்று பேனாவை மூடப் போனேன். ஆனால் எது மாறியது என்று அந்தப் பட்டை சொல்வதில்லையே. வாழ்த்து மட்டும்தான் சேர்ந்ததா, பினாங்கு வரியும் சேர்ந்ததா? சிந்துஜாவுக்கும் அதே சந்தேகம்.

4

குகதாசனுக்கே போன் போட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். கதை முடிந்துவிடுமே என்று அவள் கைப்பேசியை ஒரு பத்தியில் தொலைத்துப் பார்த்தேன். அவள் அதற்கெல்லாம் அடங்கவில்லை. பால்கனிக்கு வந்து அழைத்தாள், ஸ்பீக்கரில். (நான் துணி எடுக்கப் போயிருந்தேன். துணி காயவில்லை.)

"அந்த மெயில் நீங்க எழுதினதா?"

"சைன் இருக்குல்ல, சிந்து?"

"அது இங்க செல்லாதுன்னு வருது."

"ஆபீஸ் மெயில் லா. எது அனுப்பினாலும் தானா சைன் பண்ணிடும்."

"நான் சைனைக் கேக்கல. பினாங்கு வர்றீங்களா?"

அதற்கு அவன்

இந்த வாக்கியத்தை முடித்துப் பார்த்தேன். 'வர்றேன்' என்றான் (நம்பும்படி இல்லை). 'அம்மாகிட்ட கேக்கணும்' என்றான் (நம்பும்படி இருக்கிறது, அதனாலேயே பிடிக்கவில்லை). உண்மையில் அந்த நேரம் பார்த்து அவள் ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் கேட்டாள்.

"சரி. இதை உங்க வாயால அப்பாகிட்ட சொல்லுங்க" என்றாள்.

எதை? முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை, அழவுமில்லை. அவிழ்ந்த முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கைப்பேசியை நீட்டிப் பிடித்தபடி அப்பாவிடம் போனாள். அவர் 'ஹலோ' சொல்லும் முன், அவன் வருகிறானா இல்லையா என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.