பெயர் சுரண்டிய தட்டுகள்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காலையிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. கூடத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி, மேஜைக்கு அடி வரைக்கும், நடுவில் பெரிய ஓட்டையோடு சின்னச் சின்னக் கறுப்பு இசைத்தட்டுகள். எல்லாம் ஜமைக்காவின் பழைய பாட்டுகள்: ஸ்கா, ராக்ஸ்டெடி, ரெகே. ஒன்றில்கூடப் பெயர் இல்லை. சுரண்டி எடுத்தது வேறு யாருமில்லை, அவரேதான்.

இந்தக் கூத்துக்குக் காரணம் அவருடைய மச்சான். சலூன் வைத்திருக்கிறார். இருவரும் முதலில் தட்டுப் பைத்தியங்களாகத்தான் பழகினார்கள். தட்டு கேட்கப் போன வீட்டிலேயே மெக்கானிக் பெண்ணும் எடுத்தார். ஜமைக்காவில் அந்தக் காலத்தில் தெருவில் ஸ்பீக்கர்களை அடுக்கிப் பாட்டுப் போடுகிறவர்கள், போட்டிக்காரன் பாட்டின் பெயரைப் படித்துவிடக் கூடாதென்று தட்டின் நடுவில் பெயர் அச்சிட்ட காகிதத்தைச் சுரண்டிவிடுவார்களாம். இது காதில் விழுந்ததும் இவர்கள் சும்மா இருப்பார்களா? ஞாயிறு மதியம் சலூனைச் சாத்திவிட்டு ஆட்டம் ஆரம்பித்தார்கள். ஒருவர் சுரண்டிய தட்டைப் போட வேண்டும், பாட்டு முடிவதற்குள் மற்றவர் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தோல்வி. வென்றவர் பெயரை வெளியே விடவே வேண்டியதில்லை. ஆட்டத்தின் கொழுப்பே அதுதான்.

மெக்கானிக் தட்டு வாங்கிய கையோடு ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிவிடுவார். எல்லாம் என் மண்டையில் இருக்கிறது என்ற திமிர்.

போன ஞாயிறு மச்சான் தட்டே போடவில்லை. அவருக்கு இடது காது எப்போதோ போய்விட்டது. இப்போது வலது காதில் ஆபரேஷன், வரும் திங்கட்கிழமை. அதற்கப்புறம் கேட்குமா என்பதற்கு டாக்டர் உறுதி சொல்லவில்லை.

"மாப்ள, ஒரு தடவை நான் சீப்பையே கீழ வெச்சுட்டேனே, அப்படி ஒரு பாட்டுப் போட்டு என்னைக் கவுத்த, ஞாபகம் இருக்கா? இன்னிவரைக்கும் அதோட பேரு தெரியாம மண்டை காயுது. அடுத்த ஞாயிறு அதைப் போட்டுப் பேரையும் சொல்லிடு. நிம்மதியாப் போய்ப் படுத்துக்குவேன்."

"அதுக்கென்ன மச்சான்!" என்று மார்தட்டிவிட்டு வந்தார் மெக்கானிக். வீட்டுக்கு வந்து தட்டுகளின் முன்னால் உட்கார்ந்தபிறகுதான் உறைத்தது. எந்தப் பாட்டு அது?

அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. மச்சான் சீப்பைக் கீழே வைத்தது, கண்ணாடியில் இவரைப் பார்த்தது, "தோத்துட்டேன் மாப்ள" என்றது, எல்லாம் இருந்தது. பாட்டு மட்டும் இல்லை. ஜெயித்த சந்தோஷத்தில் அவர் மச்சானின் முகத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு தட்டாகப் போட்டுப் பார்த்தார். இதுதான் என்று தோன்றும். அடுத்ததைப் போட்டால் அதுவும் இதுதான் என்று தோன்றும்.

"ஏங்க, அத்தனை லிஃப்ட் வயருக்கும் கலர் பாத்து அடையாளம் சொல்றீங்க. இதுக்கு ஒரு துண்டுக் காகிதத்துல பேரு எழுதி வெக்கத் தெரியலையா?" என்றாள் மனைவி.

"எழுதி வெச்சா உங்கண்ணன் பாத்துருவாரே!"

"இப்ப அவருக்குச் சொல்லத்தானே தேடுறீங்க?"

அவர் தட்டுகள் பக்கம் திரும்பிக்கொண்டார். மச்சான் தோற்றதாக நினைவிருந்த ஐந்து தட்டுகளைத் தேர்ந்தெடுத்துப் பையில் வைத்தார். மனைவி அவள் பங்குக்கு ஆறாவதாக ஒன்றைச் செருகினாள். "இது இல்லவே இல்ல" என்றார். "இருக்கட்டும், கனமா என்ன?" என்றாள்.

ஞாயிறு மதியம் சலூனில் மச்சான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வலது காதை ஸ்பீக்கருக்குக் காட்டி உட்கார்ந்திருந்தார். முதல் தட்டு சுழன்றது. நாலு வரி போவதற்குள் மச்சான் பெயரைச் சொன்னார், பாடினவரைச் சொன்னார், எந்த வருஷம் என்பதையும் சொன்னார். கேட்டதும் மெக்கானிக்குக்கும் நினைவு வந்தது. அதேதான். இரண்டாவதும் அப்படியே. ஐந்தையும் மச்சான் தண்ணீர் குடிப்பதுபோல் சொல்லிவிட்டார்.

மெக்கானிக் குழம்பிப்போய் நின்றார். "மச்சான், இந்த அஞ்சுலயும் நீ எங்கிட்டத் தோத்திருக்கியே!"

"தோத்தேன்."

"பேரு தெரிஞ்சேவா?"

"நீ தோத்தா வாரம் பூரா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருப்ப. வீட்டுல என் தங்கச்சிதானே படணும்? அப்பப்போ விட்டுக் கொடுத்தேன்."

மெக்கானிக்குக்கு அவமானமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியவில்லை. அப்படியானால் நான் ஜெயித்ததே இல்லையா? இத்தனை வருஷம் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போனதெல்லாம் என்ன கணக்கு? மிச்சமிருந்த ஆறாவது தட்டை எடுத்துப் போட்டார்.

நாலு வரி போயும் மச்சானிடமிருந்து பெயர் வரவில்லை. ஸ்பீக்கரை ஒட்டிக் குனிந்தார். பாட்டு பாதி தாண்டியது, முடிந்தது, ஊசி உள்வட்டத்தில் கரகரத்தது.

"இதுதான் மாப்ள. இது நிஜமாவே எனக்குத் தெரியாது. பேரு என்ன?"

ஆக ஒரே ஒரு தடவை நிஜமாக ஜெயித்திருக்கிறார். மெக்கானிக் தட்டைக் கையில் எடுத்தார். நடுவில் ஸ்க்ரூடிரைவர் கீறிய கோடுகள், ஓரத்தில் சுரண்டலுக்குத் தப்பிய ஒரு துளி நீலம். மண்டையைக் கசக்கினார். பாடினவர் பெயர்கூட வரவில்லை. ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடலாம், நம்பிவிடுவார். ஆனால் இத்தனை பெயர் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு தோற்றவரிடம் எப்படிப் பொய் சொல்வது?

"தெரியல மச்சான்," என்றார் மெதுவாக.

"சத்தமா சொல்லுடா, விழல."

மெக்கானிக் மச்சானின் வலது காதருகே போய்க் கத்தினார்: "எனக்கும் தெரியாது! நான்தான் சுரண்டிட்டேன்!"

மச்சான் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அப்போ இது டிரா மாப்ள," என்றார். "இன்னொரு தடவை போடு. யாரு மொதல்ல கண்டுபிடிக்கிறோம்னு பாப்போம்."

மெக்கானிக் தட்டைத் திரும்பப் பொருத்தி, ஊசியைத் தூக்கி அதன் விளிம்பில் வைத்தார். ஒலியைக் கடைசி வரைக்கும் கூட்டினார்.